டால்பினின் எதிரொலியும் மனிதரின் சோனாரும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டால்பின் ஒலியால் இடமறிகிறது என்பது பலருக்கும் தெரிந்த செய்தி. அது எப்படி நடக்கிறது, சோனார் (ஒலியை அனுப்பி, எதிரொலியால் நீருக்கடியில் தேடும் கருவி) செய்பவர்கள் அதிலிருந்து எதை எடுத்துக்கொண்டார்கள், எதை இன்னும் எட்டவில்லை என்பதுதான் அதிகம் பேசப்படாத பகுதி. மாணவர்களும் ஆர்வலர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். வேறு இனம் என்று சொல்லாத இடங்களில் எல்லாம் பேச்சு பாட்டில்மூக்கு டால்பினைப் பற்றியது. அதிகம் ஆராயப்பட்ட இனம் அதுதான்.

எதிரொலியால் இடமறிதல் என்றால் என்ன?

டால்பின் மிகக் குறுகிய ஒரு 'கிளிக்' ஒலியை முன்னோக்கி அனுப்புகிறது. அது மீன், பாறை, படகின் அடிப்பகுதி என எதிலாவது பட்டுத் திரும்புகிறது. போய்வந்த நேரத்தை வைத்துத் தூரம் தெரிகிறது. இரண்டு காதுகளுக்கும் எப்படி வந்து சேர்கிறது என்பதை வைத்துத் திசை தெரிகிறது. எதிரொலியில் எந்தெந்த அதிர்வெண்கள் வலுத்தும் மெலிந்தும் இருக்கின்றன என்பதை வைத்துப் பொருளின் தன்மை தெரிகிறது.

கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1500 மீட்டர் போகும். காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கும் அதிகம். கண்ணால் பார்க்கக்கூடிய தூரமோ தெளிந்த கடலில்கூடச் சில பத்து மீட்டர்தான். கலங்கிய ஆற்றில் அதுவும் இல்லை. கங்கை ஆற்று டால்பினின் கண்ணில் வில்லையே கிடையாது, வெளிச்சம் எந்தப் பக்கம் என்பதற்கு மேல் அதற்கு அதிகம் தெரியாது. அது முழுக்க முழுக்க ஒலியை நம்பியே வாழ்கிறது.

கிளிக் வாயிலிருந்தா வருகிறது?

இல்லை, மூக்கிலிருந்து. மூச்சுத்துளைக்குச் சற்றுக் கீழே, மூக்குப் பாதையில், உதடு போன்ற திசுக்கள் இரண்டு ஜோடி இருக்கின்றன. அழுத்தப்பட்ட காற்று அவற்றைத் தள்ளித் திறக்கும்போதும் அவை சட்டென்று மூடும்போதும் கிளிக் பிறக்கிறது. அந்தக் காற்று வெளியேறிவிடுவதில்லை. மேலே உள்ள பைகளில் சேர்ந்து, மறுபடி கீழே வந்து பயன்படுகிறது. பல நிமிடம் மூச்சடக்கி நீந்தும் விலங்குக்கு இது பெரிய சிக்கனம்.

நெற்றியில் புடைத்துத் தெரியும் கொழுப்புத் திரளுக்கு மெலன் என்று பெயர். அதன் நடுப்பகுதியில் ஒலி மெதுவாகவும் ஓரங்களில் வேகமாகவும் செல்வதால், கிளிக் வளைந்து ஒரு கற்றையாகக் குவிகிறது. மண்டையோட்டின் குழிந்த முன்பகுதியும் காற்றுப் பைகளும் பின்பக்கம் போகும் ஒலியை முன்னே திருப்பிவிடுகின்றன. வெளியே வரும் கற்றையின் அகலம் சுமார் 10 பாகை. தலையை அசைக்காமலேயே கற்றையை இடப்பக்கமும் வலப்பக்கமும் திருப்பி, 20 பாகைக்கு மேல் விலகியிருக்கும் இலக்கையும் கண்டறிய முடியும் என்று 2008இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பல ஒலிபரப்பிகளை வரிசையாக அடுக்கி, மின்னணு முறையில் கற்றையைத் திருப்பும் பொறியாளருக்கு அந்த வேலையின் கஷ்டம் தெரியும்.

காது மடலே இல்லையே, எப்படிக் கேட்கிறது?

கீழ்த்தாடை வழியாக. தாடையின் பின்பகுதி எலும்பு மிக மெல்லியது. அதன் உட்குழிவில் உள்ள தனிவகைக் கொழுப்பு, வரும் ஒலியை உட்காதுக்குக் கொண்டுபோகிறது. டால்பின் ஆய்வாளர் கென்னத் நாரிஸ் 1960களில் இதைச் சொன்னபோது பலரும் நம்பவில்லை. பின்னர் 1988இல் வெளியான ஒரு சோதனையில், ஒலியைத் தடுக்கும் உறையை டால்பினின் கீழ்த்தாடையில் மாட்டிவிட்டுப் பொருள்களைப் பிரித்தறியச் சொன்னார்கள். அதன் திறன் தெளிவாகக் குறைந்தது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். டால்பினின் காது எலும்புகள் மண்டையோட்டோடு இறுகப் பிணைந்தவை அல்ல. தசைநார்களில் தொங்கிக்கொண்டு, காற்று நிறைந்த அறைகளால் சூழப்பட்டிருக்கின்றன. மனிதர் நீரில் மூழ்கினால் ஒலி மண்டை முழுவதும் அதிர்ந்து இரண்டு காதுக்கும் ஒரே நேரத்தில் போய்விடும், திசை தெரியாது. டால்பினின் இரு காதுகளும் ஒலியளவில் பிரிந்திருப்பதால், கிளிக் போன்ற ஒலிகளின் திசையில் ஒரு பாகைக்கும் குறைவான வித்தியாசத்தை அது உணரும். கேட்கும் எல்லை சுமார் 150 கிலோஹெர்ட்ஸ் வரை, நமக்கு 20.

இதை முதலில் கண்டுபிடித்தது யார்?

ஆர்தர் மெக்பிரைட் என்பவர் ஃப்ளோரிடாவில் ஒரு கடல்வாழ் உயிரினக் காட்சியகத்தில் பொறுப்பாளராக இருந்தார். டால்பின்களைப் பிடிக்க இரவில், கலங்கிய நீரில் வலை வீசும்போது, சிறு கண் வலைகளை அவை தொலைவிலேயே உணர்ந்து விலகுவதை 1947இல் குறித்துவைத்தார். பெரிய கண் வலைகளில் மாட்டிக்கொண்டன. வெளவால்களைப் போல எதிரொலியைப் பயன்படுத்துகின்றனவோ என்று அப்போதே ஊகித்தார். அந்தக் குறிப்புகள் அவர் இறந்த பிறகு 1956இல்தான் அச்சாயின.

ஐயமில்லாத நிரூபணம் நாரிஸும் அவருடைய குழுவினரும் 1961இல் வெளியிட்டது. ஒரு டால்பினின் கண்களை ரப்பர் கிண்ணங்களால் மூடிவிட்டார்கள். அது கிளிக் ஒலி எழுப்பிக்கொண்டே தடைகளைத் தாண்டி நீந்தியது, மீனையும் தேடிப் பிடித்தது.

அப்படியானால் சோனார் டால்பினைப் பார்த்துச் செய்ததா?

இல்லை. வரிசை தலைகீழ். டைட்டானிக் மூழ்கிய 1912இலேயே, எதிரொலியால் பனிப்பாறைகளைக் கண்டறியும் கருவிக்கு லூயிஸ் ரிச்சர்ட்சன் காப்புரிமை கோரினார். ரெஜினால்ட் ஃபெசெண்டன் 1914இல் கடலில் பனிப்பாறையிலிருந்து எதிரொலி வாங்கிக் காட்டினார். முதல் உலகப்போரின்போது பால் லாஞ்செவின் குவார்ட்ஸ் படிகத்தை அதிரவைத்து மீயொலி எழுப்பி, 1918இல் நீர்மூழ்கிக் கப்பலின் எதிரொலியைக் கேட்டார். டால்பின் இதைச் செய்கிறது என்று மனிதர் உறுதிசெய்தது அதற்கு நாற்பதாண்டுகளுக்கும் பிறகு. இரண்டும் தனித்தனியே பிறந்தவை என்பதால்தான் ஒப்பிட்டுப் பார்க்க இவ்வளவு சுவையாக இருக்கிறது. ஒரே சிக்கலுக்கு இரண்டு விடைகள் நம் கையில் இருக்கின்றன.

டால்பினின் திறனை எண்களில் சொல்ல முடியுமா?

முடியும். இந்த எண்களில் பலவற்றை அளந்தவர் ஹவாயில் பணியாற்றிய விட்லோ ஆவ். திறந்த நீரில் ஒரு கிளிக் 40 முதல் 70 மைக்ரோ நொடிதான் நீடிக்கிறது. ஆற்றலின் உச்சம் 110 முதல் 130 கிலோஹெர்ட்ஸ் பக்கம். ஆவும் ஸ்னைடரும் 1980இல் வெளியிட்ட சோதனையில், 7.62 சென்டிமீட்டர் விட்டமுள்ள, நீர் நிரப்பிய எஃகு உருண்டையை டால்பின் 113 மீட்டர் தொலைவிலிருந்து கண்டறிந்தது. ஒலி அங்கே போய்த் திரும்ப மட்டும் சுமார் 150 மில்லி நொடி ஆகும்.

எனக்கு அதைவிட வியப்பானது இன்னொரு சோதனை. உள்ளீடற்ற உலோக உருளைகளை 8 மீட்டர் தொலைவில் தொங்கவிட்டார்கள். வெளிவிட்டம் ஒன்றே, சுவரின் தடிமன் மட்டும் வேறு. சுமார் 0.3 மில்லிமீட்டர் வித்தியாசத்தை டால்பின் கண்டுபிடித்தது. 120 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 12 மில்லிமீட்டருக்கும் மேல். அலைநீளத்தில் நாற்பதில் ஒரு பங்கை அது எப்படிப் பிரித்தறிகிறது?

ஒலி உருளையின் முன்சுவரில் பட்டுத் திரும்புவது ஒரு பகுதி. உள்ளே நுழைந்து, உட்சுவர்களிலும் பின்சுவரிலும் பட்டு, உருளையைச் சுற்றி ஓடித் திரும்புவது மற்ற பகுதிகள். இவை சில மைக்ரோ நொடி இடைவெளியில் ஒன்றன்மேல் ஒன்று விழும்போது சில அதிர்வெண்கள் வலுக்கின்றன, சில அழிகின்றன. தடிமன் கொஞ்சம் மாறினாலும் இந்த மேடுபள்ளம் இடம்மாறும். பாத்திரத்தைத் தட்டிப் பார்த்து, விரிசல் இருக்கிறதா என்று காதால் சொல்வதைப் போன்றது இது. டால்பின் உருளையின் படத்தைப் பார்ப்பதைக் காட்டிலும் அதன் தொனியைக் கேட்கிறது என்று சொல்வதே பொருத்தம்.

ஆவும் அவருடைய சகாக்களும் இன்னொன்றும் செய்தார்கள். டால்பின் கிளிக் போன்ற சிக்னலுக்கு வந்த எதிரொலிகளைப் பதிவுசெய்து, மனிதக் காதுக்கு எட்டும்படி மெதுவாக்கிப் போட்டார்கள். கேட்ட மனிதர்களாலும் நுண்ணிய வேறுபாடுகளை ஏறக்குறைய டால்பின் அளவுக்குப் பிரித்தறிய முடிந்தது. இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது: தேவையான செய்தி எதிரொலிக்குள்ளேயே இருக்கிறது. அகலமான அதிர்வெண் பரப்பு கொண்ட ஒலியை அனுப்பியிருந்தால் அது திரும்பி வருகிறது. அனுப்பாவிட்டால் எவ்வளவு கெட்டிக்காரக் கணினியாலும் அதை மீட்க முடியாது.

ஏன் இவ்வளவு உயர்ந்த அதிர்வெண்? கப்பல் சோனார்கள் மிகத் தாழ்ந்த அதிர்வெண்ணில் வேலை செய்கின்றனவே?

அலைநீளம் சிறியதாக இருந்தால் சிறு பொருள்கள் தெரியும். அதோடு சிறிய தலையிலிருந்தே குறுகிய கற்றையை உருவாக்க முடியும். 3 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் அரை மீட்டர். அதைக் குவிக்கப் பல மீட்டர் அகலமுள்ள கருவி வேண்டும்.

இதற்கு விலை தூரம். 120 கிலோஹெர்ட்ஸ் ஒலியைக் கடல்நீர் கிலோமீட்டருக்குச் சுமார் 40 டெசிபல் உறிஞ்சிவிடும். 3 கிலோஹெர்ட்ஸில் அந்த இழப்பு ஒரு டெசிபல்கூட வராது. பல கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள நீர்மூழ்கியைத் தேடும் கப்பலும், நூறு மீட்டருக்குள் மீன் தேடும் டால்பினும் வேறுவேறு வேலை செய்கின்றன. எனவே டால்பினின் பாடம் எல்லா சோனாருக்கும் பொருந்தாது. நெருங்கிய தூரத்தில், குப்பைகூளத்துக்கு நடுவே, ஒரு பொருள் என்னவென்று அடையாளம் காண வேண்டிய சோனாருக்குத்தான் அது.

சுற்றுப்புறமும் அதிர்வெண்ணைத் தீர்மானிக்கிறது. ஆவின் குழு ஒரு பெலூகா திமிங்கிலத்தை சான் டியாகோ விரிகுடாவிலிருந்து ஹவாயின் கனியோகே விரிகுடாவுக்கு மாற்றியது. சொடுக்கு இறால்களின் படபடப்பால் அங்கே இரைச்சல் அதிகம். முதலிடத்தில் 40 முதல் 60 கிலோஹெர்ட்ஸில் கிளிக் செய்த அதே விலங்கு, புதிய இடத்தில் 100 முதல் 120க்குத் தாவியது; ஒலியளவையும் வெகுவாகக் கூட்டியது. அதிர்வெண்ணைத் தொழிற்சாலையிலேயே பூட்டிவிடும் கருவிகளுக்கு இது நேரடியான பாடம்.

220 டெசிபல் கிளிக் என்று படித்தேன். ஜெட் எஞ்சினைவிட அதிகமா?

இந்தக் குழப்பம் அடிக்கடி வரும். நீரில் டெசிபலை அளக்கும் அடிப்படை அழுத்தம் வேறு, காற்றில் வேறு. நீரின் அடர்த்தியும் ஒலியின் வேகமும் வேறு. இரண்டையும் சரிக்கட்டி ஒலிச்செறிவை ஒப்பிட, நீரின் எண்ணிலிருந்து சுமார் 61 கழிக்க வேண்டும். அளக்கப்பட்ட மிக உரத்த கிளிக்குகளில் ஒன்றான 228, காற்றின் கணக்கில் 167 பக்கம் வருகிறது. அதுவும் உரத்ததுதான், ஆனால் நீடிப்பது ஒரு நொடியில் இருபதாயிரத்தில் ஒரு பங்கு. மொத்த ஆற்றல் மிகக் கொஞ்சம்.

தொடர்ச்சியாகக் கிளிக் செய்தால் எதிரொலிகள் குழம்பாதா?

பெரும்பாலும் டால்பின் ஒரு கிளிக்கின் எதிரொலி வந்து, அதற்குப்பின் சுமார் 20 முதல் 40 மில்லி நொடி கழித்தே அடுத்ததை அனுப்புகிறது. அந்த இடைவெளி எதிரொலியைப் புரிந்துகொள்ளும் நேரம் என்று கருதப்படுகிறது. இலக்கு நெருங்க நெருங்க இடைவெளி சுருங்கும். கடைசி மீட்டர்களில் நொடிக்கு நூற்றுக்கணக்கான கிளிக்குகள் ரீங்காரமாகிவிடும். அப்போது கிளிக்வாரியாக யோசிக்க நேரமில்லை, இரையைத் தொடர்ந்து பின்பற்றுவது மட்டுமே வேலை.

ஒலியளவும் கூடவே மாறுகிறது. தூரம் பாதியாகும்போது கிளிக்கின் அளவு சுமார் 6 டெசிபல் குறைகிறது என்று ஆவும் கெல்லி பெனோய்ட்-பேர்டும் 2003இல் காட்டினார்கள். நம் சோனார்கள் இதே சிக்கலைக் கேட்கும் பக்கத்தில் தீர்க்கின்றன: ஒரே அளவில் அனுப்பிவிட்டு, தாமதமாக வரும் எதிரொலிகளை அதிகம் பெருக்குகின்றன. டால்பின் அனுப்பும்போதே அளந்து அனுப்புகிறது. டால்பினின் நெருங்கிய உறவான போர்பாய்ஸ் இன்னும் ஒரு படி மேலே போய், இரை அருகில் வந்ததும் ஒலிக்கற்றையை அகலமாக்கிவிடுகிறது. மீன் சட்டென்று பக்கவாட்டில் விலகினாலும் கற்றைக்கு வெளியே போகாது.

சரி, கருவிகளைவிட டால்பின் உண்மையில் எதில் மேல்?

என் பதில் பலருக்கும் எதிர்பாராததாக இருக்கலாம். உறுப்புகளில் அது நம்மைவிடப் பெரிதாக மேல் இல்லை. அதைவிட உரக்க ஒலிக்கும் ஒலிபரப்பிகள் நம்மிடம் உண்டு, அதைவிடக் குறுகிய கற்றைகள் உண்டு, நூற்றுக்கணக்கான ஹைட்ரோபோன்கள் (நீருக்கடி மைக்ரோபோன்கள்) உண்டு. அதற்கு இருப்பது ஒரே ஒரு குவிந்த கற்றையும் இரண்டு காதுகளும்.

அது மேல் நிற்பது பயன்படுத்தும் விதத்தில். ஒவ்வொரு கிளிக்கும் முந்தைய எதிரொலியின் விளைவு. சந்தேகமான ஒன்று தென்பட்டால் தலையைச் சாய்த்து வேறு கோணத்தில் கேட்கும், கிளிக்கின் அதிர்வெண்ணை மாற்றும், சுற்றிவந்து பின்பக்கம் பார்க்கும், தேவைப்பட்டால் இன்னும் பத்து கிளிக் அனுப்பும், தெளிவானதும் நிறுத்திவிடும். வழக்கமான சோனாரில் கேட்பவரும் அனுப்புபவரும் பேசிக்கொள்வதில்லை. முன்பே எழுதிய அட்டவணைப்படி அதே துடிப்பு, அதே இடைவெளி, நேர்கோட்டில் போய்த் திரும்பும் படகு; பதிவானதை அப்புறம் ஒருவர் திரையில் பார்த்து அலசுவார். கேள்வி கேட்கும்போதே பதிலைக் கவனித்து அடுத்த கேள்வியை மாற்றும் பழக்கம்தான் டால்பினிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் பாடம் என்பது என் உறுதியான கருத்து. மெலனின் கொழுப்பைப் பிளாஸ்டிக்கில் நகலெடுப்பது அதற்குப் பிறகுதான்.

இதற்குப் பின்னால் நினைவும் இருக்கிறது. எலேலே என்ற டால்பின், திரைக்குப் பின்னால் எதிரொலியால் மட்டும் அறிந்த சிக்கலான வடிவங்களைப் பிறகு கண்ணால் பார்த்தே அடையாளம் கண்டது. கண்ணால் பார்த்ததை எதிரொலியாலும் கண்டது. மார்க் சிட்கோவும் ஹெர்பர்ட் ராய்ட்ப்ளாட்டும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் சும்மா இருந்து இன்னொரு டால்பினின் எதிரொலிகளை ஒட்டுக்கேட்ட டால்பினும் பொருளை அடையாளம் கண்டது. இன்னொரு ஆய்வு, 2012இல் வந்தது: ஒரு டால்பின் 15 நாள் இரவுபகலாகத் தொடர்ந்து எதிரொலிக் காவல் செய்தும் துல்லியம் குறையவில்லை. மூளையின் ஒரு பாதி தூங்கும்போது மறுபாதி விழித்திருக்கும் வசதி அதற்கு உண்டு.

டால்பினைப் பார்த்து உண்மையிலேயே செய்த கருவிகள் இருக்கின்றனவா?

இருக்கின்றன. ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தில், பாட்டில்மூக்கு டால்பினின் கிளிக்குகளை ஒட்டி அகலப்பட்டைத் துடிப்புகளை (அகலமான அதிர்வெண் பரப்பு கொண்டவை) வடிவமைத்தார்கள்; அந்த ஆய்வு 2007இல் வெளியானது. எதிரொலியின் அதிர்வெண் மேடுபள்ளங்களைக் கொண்டு பொருள் எதனால் ஆனது, உள்ளே என்ன இருக்கிறது என்று பிரித்தறிவதே நோக்கம். படம் எடுக்கும் சோனாரில் ஒரு உருளைக் கல்லும் ஒரு கண்ணிவெடியும் ஒரே நிழலாகத் தெரியலாம். தொனி கேட்கும் சோனாரில் அவை வேறுவேறு.

சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் வேறு கேள்வி கேட்டார்கள்: தலையளவே உள்ள கருவியில், மிகச் சில உணரிகளோடு, நல்ல படம் எடுக்க முடியுமா? மூன்று ஒலிபரப்பிகளும் சுமார் 25 சென்டிமீட்டர் அகலமும் கொண்ட கருவி செய்தார்கள். நீருக்கடியில் பெரும்பகுதி வெற்றிடமே, பொருள்கள் சில இடங்களில் மட்டுமே இருக்கும் என்ற எண்ணத்தைக் கணக்குக்குள் நுழைத்ததுதான் அவர்கள் செய்த புத்திசாலித்தனம். பல திசைகளிலிருந்து வந்த எதிரொலிகளைச் சேர்த்து, அதிக உணரிகள் செய்யும் வேலையைக் கணிதத்தால் ஈடுகட்டினார்கள். முன்னறிவு உணரிகளின் இடத்தை நிரப்பும் என்பது டால்பின் மூளைக்கும் பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

குமிழிகள் சோனாரைக் குருடாக்கும் என்கிறார்களே, டால்பின் என்ன செய்கிறது?

இந்தக் கேள்வியிலிருந்தே ஓர் அழகான கருவி பிறந்தது. சில டால்பின்கள் குமிழிகளை விட்டு மீன் கூட்டத்தை வளைத்துப் பிடிக்கின்றன. குமிழி ஒலியை மிக வலுவாகச் சிதறடிக்கும். நம் சோனாராக இருந்தால் திரை முழுக்க வெள்ளையாகிவிடும். அப்படியென்றால் டால்பின் தன் கண்ணைத் தானே கட்டிக்கொண்டு வேட்டையாடுகிறதா என்று சவுத்ஹாம்டன் பல்கலைக்கழகத்தின் டிம் லெய்ட்டன் யோசித்தார்.

அவர் கண்ட வழி இது. ஒரு துடிப்பை அனுப்பி, உடனே அதையே தலைகீழாக, மேடு பள்ளமாகவும் பள்ளம் மேடாகவும் திருப்பி, இன்னொரு முறை அனுப்பு. திடப்பொருளிலிருந்து வரும் இரண்டு எதிரொலிகளும் ஒன்றுக்கொன்று அச்சாகத் தலைகீழாகவே இருக்கும். ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் இரட்டிப்பாகும், கூட்டினால் மறையும். குமிழி அப்படி நடக்காது. வலுவான ஒலியில் அது சுருங்கும் விதமும் விரியும் விதமும் ஒன்றல்ல. எனவே கூட்டும்போது குமிழியின் எதிரொலியில் ஒரு பகுதி மிஞ்சும். கூட்டிய விடையையும் கழித்த விடையையும் ஒப்பிட்டால் எது குமிழி, எது திடம் என்று தெரிந்துவிடும். இந்த இரட்டைத் தலைகீழ்த் துடிப்புச் சோனார் பற்றிய கட்டுரை 2010இல் வெளியானது. பின்னர், தலைகீழாக்காமல் அளவில் மட்டும் வேறுபடும் துடிப்புகளைக் கொண்டும் இதைச் செய்யலாம் என்று அவர் காட்டினார்.

டால்பின் தலைகீழ்த் துடிப்புகளை அனுப்புகிறது என்று யாரும் நிறுவவில்லை. அதனால் கருவியின் பயன் குறையவில்லை. நகலெடுக்காமலேயே, விலங்கைப் பார்த்து எழுந்த ஒரு சரியான கேள்வி கருவியாகியிருக்கிறது.

கடற்படைகள் ஏன் இன்னும் டால்பின்களை வைத்திருக்கின்றன?

ஆழமற்ற, கலங்கிய துறைமுகத்தில், சேற்றில் புதைந்த கண்ணிவெடியைத் தேடுவதில் டால்பின் மிகச் சிறந்தது. 2003இல் ஈராக்கின் உம் காசர் துறைமுகத்தில் கண்ணிவெடிகளைத் தேட அமெரிக்கக் கடற்படை டால்பின்களைப் பயன்படுத்தியது. புதைந்த வெடிகளைத் தேடுவதற்கென்றே உருவாக்கிய நைஃப்ஃபிஷ் என்ற தானியங்கி நீர்மூழ்கியில் இருப்பதும் அகலப்பட்டைச் சோனார்தான். ஆனால் சேற்றுக்குள் ஊடுருவுவதற்காகத் தாழ்ந்த அதிர்வெண்ணில். இந்த வேலை சீக்கிரமே முழுவதும் இயந்திரங்கள் கைக்குப் போய்விட வேண்டும் என்பது என் விருப்பம். மனிதரின் போர் அந்த விலங்கின் வேலை இல்லை.

இவ்வளவு நுட்பமாகக் கேட்கும் விலங்கு ஏன் மீன்வலையில் சிக்குகிறது?

ஒலி திரும்ப வேண்டுமானால், நீருக்கும் பொருளுக்கும் ஒலியைப் பொறுத்த வேறுபாடு பெரிதாக இருக்க வேண்டும். மீனின் காற்றுப்பை பிரகாசமாகத் தெரிவது அதில் உள்ள வாயுவால். மெல்லிய நைலான் இழை அப்படி இல்லை; அதன் எதிரொலி மிக மங்கல். முடிச்சுகளும் மிதவைகளும்தான் ஓரளவு கேட்கும். தவிர, டால்பின் எப்போதும் கிளிக் செய்துகொண்டே இருப்பதில்லை. வலையில் துடிக்கும் மீனின் வலுவான எதிரொலியில் கவனம் குவிந்திருக்கும்போது பின்னால் உள்ள இழை கேட்காமல் போகலாம். எச்சரிக்கை ஒலி எழுப்பும் சிறு கருவிகளை வலையில் கட்டுவது சில இனங்களுக்கு, குறிப்பாக போர்பாய்ஸ்களுக்கு, நன்றாகவே உதவியிருக்கிறது.

கிளிக்கால் மீனை மயக்கமடையச் செய்யுமாமே?

நாரிஸும் பெர்டல் மோலும் 1983இல் முன்வைத்த கருதுகோள் அது. 2006இல் வெளியான ஆய்வில், டால்பின் கிளிக் போன்ற வலுவான ஒலிகளை மூன்று வகை மீன்களுக்குக் கேட்கவைத்துப் பார்த்தார்கள். மீன்கள் மயங்கவில்லை, திசைதடுமாறவும் இல்லை. ஆதாரம் கிடைக்காத கதை என்றே இப்போதைக்குச் சொல்ல வேண்டும்.

எல்லாத் திமிங்கிலங்களும் இதைச் செய்யுமா?

பல் உள்ளவை மட்டும்: டால்பின்கள், போர்பாய்ஸ்கள், பெலூகா, ஸ்பெர்ம் திமிங்கிலம் போன்றவை. நீலத் திமிங்கிலம் போல வடிகட்டி உண்பவற்றுக்கு இந்தத் திறன் இருப்பதாக ஆதாரமில்லை.

நம் சோனார் அவற்றுக்குத் தீங்கு செய்கிறதா?

செய்கிறது, குறிப்பாகக் கடற்படைகளின் இடைநிலை அதிர்வெண் சோனார். 2000 மார்ச்சில் பஹாமாஸில் அலகுத் திமிங்கிலங்கள் உள்ளிட்டவை கரையொதுங்கின. கடற்படைப் பயிற்சியின் சோனாரே அதற்குக் காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்க அரசின் விசாரணை அறிக்கையே ஏற்றது. 2002இல் கானரி தீவுகளிலும் இப்படி நடந்த பிறகு, 2004இல் ஸ்பெயின் அங்கே அத்தகைய சோனாருக்குத் தடை விதித்தது. ஆழத்தில் இரைதேடும் விலங்கு பயந்து, மூழ்கும் முறையை மாற்றிக்கொள்வதால் உடலுக்குள் வாயுக் குமிழிகள் உருவாவது ஒரு முக்கிய விளக்கம்.

இங்கேயும் டால்பினிடம் பாடம் உண்டு. தேவையான அளவு மட்டும், தேவையான திசையில் மட்டும், தேவையான நேரம் மட்டும் ஒலிப்பது அதன் இயல்பு. இலக்கு நெருங்கினால் குரலைத் தாழ்த்தும் சோனாரை நாம் வடிவமைத்தால் மின்சாரம் மிஞ்சும், எதிரிக்கும் குறைவாகக் கேட்கும், கடல்வாழ் உயிர்களுக்கும் தொல்லை குறையும். இதைச் செய்யாமலிருக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

மாணவர் திட்டமாக இதில் எதைச் செய்து பார்க்கலாம்?

தூரம் அளக்கும் மலிவான 40 கிலோஹெர்ட்ஸ் உணரிகளோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அவை ஒரே அதிர்வெண்ணில் அதிர்பவை. எவ்வளவு தூரம் என்று சொல்லும், என்ன பொருள் என்று சொல்லாது. அதற்குப் பதிலாக ஒரு நல்ல ஒலிபெருக்கியையும் இரண்டு மைக்ரோபோன்களையும் எடுத்து, 2 முதல் 15 கிலோஹெர்ட்ஸ் வரை சில மில்லி நொடிக்குள் ஏறும் ஒலியை அனுப்புங்கள். திரும்பி வந்ததை அனுப்பியதோடு ஒப்பிட்டுப் பொருத்தினால் எதிரொலியின் நேரம் கூர்மையாகத் தெரியும். அதிர்வெண் பரப்பை வரைந்தால் தட்டைப் பலகைக்கும் உருளைக்கும் உள்ள வேறுபாடு தெரியும். பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பி ஒவ்வொரு கோணத்திலும் பதிவுசெய்யுங்கள். அடுத்த கோணத்தை நீங்கள் தேர்ந்தெடுக்காமல், முந்தைய எதிரொலியைப் பார்த்து நிரலே தேர்ந்தெடுக்கும்படி எழுத முடிந்தால் திட்டம் வேறு தரத்துக்குப் போய்விடும்.

ஒரு எல்லையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். காற்றில் வரும் ஒலி திடப்பொருளின் மேற்பரப்பிலேயே ஏறக்குறைய முழுவதும் திரும்பிவிடும். உள்ளே மணல் இருக்கிறதா, நீர் இருக்கிறதா என்று கேட்காது. நீரில் ஒலி பொருளுக்குள் கணிசமாக நுழைவதால்தான் டால்பினால் சுவரின் தடிமனை அறிய முடிகிறது. அதைச் சோதிக்க ஹைட்ரோபோனும் தொட்டியும் வேண்டும். தொட்டிச் சுவர்களின் எதிரொலி வந்து கெடுக்காமலிருக்க, பொருளை நடுவில் தொங்கவிட்டு, ஒலிபரப்பியையும் ஹைட்ரோபோனையும் அதற்கு 30 சென்டிமீட்டர் அருகில் வைத்து, பொருளின் எதிரொலி வந்துசேரும் சுமார் 0.4 மில்லி நொடிக்குப் பிறகு உள்ள குறுகிய நேரத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.